விளம்பரம் சேரும் இடம்

காரமடையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு வாடிக்கையாளர்கள் எங்கிருந்து வருவார்கள்? மேட்டுப்பாளையம், சிறுமுகை, பெரியநாயக்கன்பாளையம், அன்னூர் என்று கணக்குப் போட்டால் எல்லாம் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மாசி மகத் தேருக்கு அரங்கநாதர் கோயிலில் கூடும் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டாலும் அந்த வட்டம் நாகர்கோவில் வரை நீளப்போவதில்லை. இந்தக் கடைக்காரர் தொலைக்காட்சியில் 30 விநாடி விளம்பரம் கொடுக்க ஆசைப்பட்டால் நடக்குமா? இந்தக் கேள்விக்கான விடை கடந்த அரை நூற்றாண்டில் பலமுறை மாறியிருக்கிறது. தூர்தர்ஷன் விளம்பரம் வாங்கத் தொடங்கிய 1976இல் அது நினைத்தே பார்க்க முடியாத காரியம். 1990களின் பிற்பகுதியில் உள்ளூர்க் கேபிள்காரரிடம் சொன்னால் போதும், மறுநாளே ஓடும். வீட்டுக்கு வீடு டிஜிட்டல் பெட்டி வந்தபின் அதே காரியம் மறுபடி சிக்கலானது. இன்று செல்போன் திரையில் அது மீண்டும் எளிது. தொழில்நுட்பம் வளர்ந்தது, அதனால் சின்னக் கடைக்கும் வாய்ப்பு வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் இந்த வரிசை ஏறிக்கொண்டே போகவில்லை. ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது, மறுபடி ஏறியிருக்கிறது. விளம்பரத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் வேகமோ ஒருமுறைகூடக் குறைந்ததில்லை. ஆகவே, விளம்பரம் எந்த ஊருக்குப் போகும் என்பதை முடிவு செய்தது வேகமல்ல. நிகழ்ச்சியோடு விளம்பரத்தைச் சேர்க்கும் இடம் எங்கே இருந்தது என்பதுதான் அதை முடிவு செய்தது என்பது என் வாதம்.

முதலில் விளம்பரம் என்ற பொருளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம். 1980களில் விளம்பரம் என்பது கையில் பிடிக்கக்கூடிய ஒன்று. பம்பாயிலோ சென்னையிலோ 35 மி.மீ. படச்சுருளில் எடுத்து, டெலிசினி என்ற கருவியில் ஓட்டி வீடியோ மாஸ்டராக மாற்றி, அதிலிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கேசட் டப் செய்வார்கள். சோனி 1971இல் கொண்டுவந்த முக்கால் அங்குல யூமாட்டிக் அந்தக் காலத்துச் சரக்கு. 1982இல் பீட்டாகேம் வந்தது. பிறகு தொழிலில் இருப்பவர்கள் வாயில் எல்லாமே ‘பீட்டா’தான். கேசட்டைப் போட்டதும் விளம்பரம் வந்துவிடாது. முதலில் செங்குத்தான நிறப்பட்டைகளும், கூடவே 1,000 ஹெர்ட்ஸில் சீரான ஓர் ஒலியும் வரும். அவற்றை வைத்துத்தான் நிலையத்துப் பொறியாளர் நிறத்தையும் ஒலி அளவையும் சரிக்கட்டுவார். அடுத்து, பொருளின் பெயர், தலைப்பு, மொழி, நீளம் எழுதிய பலகையோடு ஒரு கடிகாரம் ஓடும். கடைசி ஓரிரு விநாடி திரை கறுத்துவிடும். அப்புறம் விநாடிக்கு 25 பிரேம் வீதம் சரியாக 750 பிரேம் விளம்பரம். எந்தத் தேதியில் எந்த நிகழ்ச்சிக்கு முன்னால் அது ஓட வேண்டும் என்பதை ஏஜென்சியின் ரிலீஸ் ஆர்டர் சொல்லும். அனலாக் டேப்புக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. படியெடுக்கும்போதெல்லாம் இரைச்சல் கூடும். ஒவ்வொரு படியும் ஒரே அளவு இரைச்சலைச் சேர்ப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டாவது படியில் இரைச்சலின் ஆற்றல் இரு மடங்கு, அதாவது 3 டெசிபெல் சரிவு. நான்காவது படியில் 6 டெசிபெல். அதனால் ஒரு நிலையத்தில் ஓடிய கேசட்டை அடுத்த நிலையம் டப் செய்துகொள்வது உருப்படாத வேலை. ஒவ்வொரு நிலையத்துக்கும் மாஸ்டரிலிருந்து நேரடியாகத் தனி டப் போயாக வேண்டும்.

அப்படி எத்தனை நிலையங்களுக்குப் போனது? 1975 முடியும்போது டெல்லி, பம்பாய், ஸ்ரீநகர், அமிர்தசரஸ், கல்கத்தா, சென்னை, லக்னோ என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1976 ஜனவரி 1 முதல் தூர்தர்ஷன் விளம்பரங்களை ஏற்றது. இவை ஒன்றோடொன்று இணையாத தனித்தனித் தீவுகள். ஒவ்வொரு நிலையத்துக்கும் தன் ஸ்டூடியோ, தன் டேப் எந்திரம், தன் கோபுரம் என்றிருந்ததால், ஒவ்வொன்றும் விளம்பரம் சேரும் ஓர் இடமாகவும் இருந்தது. சென்னைக்கு மட்டும் விளம்பரம் வேண்டுமா, சென்னைக்கு மட்டும் கேசட் அனுப்பினால் போதும். ஏழு கேசட் அனுப்பும் தொல்லை ஒருபுறம், ஏழு ஊரையும் தனித்தனியே பிடிக்கும் வசதி மறுபுறம். இரண்டும் ஒட்டிப் பிறந்தவை.

அந்த ஒட்டு 1980களில் பிரிந்தது. 1982 ஆகஸ்ட் 15இல் டெல்லியிலிருந்து தேசிய ஒளிபரப்பு தொடங்கியது. 1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி விண்ணுக்குப் போனது. 1984இல் நாடெங்கும் குறைந்த சக்தி ஒளிபரப்பு நிலையங்கள் மளமளவென முளைத்தன. கோவை வட்டாரத்து வீடுகளின் கூரைகளில் ஆன்டெனாக் கம்பங்கள் எழுந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். கொடைக்கானல் மலை மேலிருந்த உயர்சக்தி நிலையத்தைப் பிடிக்கக் கம்பத்தை உயர்த்தி, பூஸ்டர் மாட்டி, மொட்டை மாடியில் ஒருவர் திருப்ப, கீழே ஒருவர் “வந்துருச்சு” என்று கத்துவதெல்லாம் அந்தக் காலத்துக் கூத்து. ஆனால் இந்தப் புதிய நிலையங்கள் எல்லாம் வாங்கியதை அப்படியே வீசுபவை. அங்கே டேப் எந்திரம் இல்லை, விளம்பரம் வாங்க மேசை இல்லை. திரை காரமடைக்கு வந்துவிட்டது. விளம்பரம் சேரும் இடம் மட்டும் சென்னையிலும் டெல்லியிலுமே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க ஊரே கூடியபோது, அதற்கு முன்னால் வந்த சோப்பும் பற்பசையும் காரமடைக்கும் கடலூருக்கும் ஒன்றே. கோவைக்கென்று தனியாக ஒரு விளம்பரம் கொடுக்க எவ்வளவு பணம் இருந்தாலும் வழியில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அந்தக் காலத்தில் கேசட்டைத் தூக்கிக்கொண்டு போவதே பெரும்பாடு, இன்றுபோல் ஃபைலாக அனுப்ப முடிந்திருந்தால் எல்லா ஊருக்கும் தனித்தனி விளம்பரம் கிடைத்திருக்கும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுருக்கப்படாத டிஜிட்டல் வீடியோ, ஸ்டூடியோ தரத்தில், விநாடிக்கு 270 மெகாபிட். முப்பது விநாடிக்கு 8,100 மெகாபிட், ஏறத்தாழ 1 ஜிகாபைட். ஒப்பீட்டுக்காக ஒரு கேசட்டில் அவ்வளவு தகவல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைச் சென்னை சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏற்றினால் விடியற்காலையில் கோவைக்கும், அப்படியே காரமடையைத் தாண்டி மேட்டுப்பாளையத்துக்கும் வந்துவிடும். தாராளமாக 10 மணி நேரம் என்று கொண்டால், ரயிலின் வேகம் விநாடிக்கு 225 கிலோபிட். 1990களின் இறுதியில் தொலைபேசிக் கம்பியில் கிடைத்த மிக நல்ல மோடத்தின் வேகம் 56 கிலோபிட். அதில் இதே விளம்பரத்தை அனுப்ப 40 மணி நேரம் பிடித்திருக்கும். ரயில் நான்கு மடங்கு வேகம். ஒரே கேசட்டில் பத்து விளம்பரம் இருந்தால் ரயில் நாற்பது மடங்கு வேகமாகிவிடும். டிக்கெட் கூடுதலாக வாங்க வேண்டியதில்லை. ஆக, கேசட்டைக் கோவைக்குக் கொண்டுவருவது ஒரு நாளும் சிக்கலாக இருந்ததில்லை. கோவையில் ரயில் நிலையத்துக்குப் போய் அந்தக் கேசட்டை வாங்கி எந்திரத்தில் போட ஆளில்லை என்பதே சிக்கல்.

1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தது, அடுத்தடுத்து ராஜ், விஜய், ஜெயா என்று வரிசை நீண்டது. தனியார் அலைவரிசைகள் இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்கு அனுப்ப 1998 வரை அனுமதி கிடையாது. அதனால் முதல் சில ஆண்டுகளில் தனியார் நிகழ்ச்சிகள் வெளிநாட்டு நிலையங்கள் வழியாகத்தான் விண்ணுக்கு ஏறின. 1992 அக்டோபரில் தொடங்கிய ஜீ டிவியின் டேப்புகள் ஹாங்காங்குக்கு விமானத்தில் போய் அங்கிருந்து வானேறின. விளம்பரம் சேரும் இடம் சென்னையையும் பம்பாயையும் தாண்டிக் கடல் கடந்ததும் இப்படித்தான். தமிழில் நாள் முழுக்கத் தொலைக்காட்சி கிடைத்தது பெரிய விஷயம், மறுப்பதற்கில்லை. ஆனால் காரமடைக் கடைக்காரருக்கு அது தூர்தர்ஷனைவிட மோசம்.

ஏன் என்பதை இயற்பியல் சொல்லும். செயற்கைக்கோள் பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் ஆன்டெனா வீசும் கற்றை எவ்வளவு விரியும் என்பது அலைநீளத்தையும் ஆன்டெனாவின் விட்டத்தையும் பொறுத்தது. கேபிள்காரர்கள் பிடிக்கும் சி-பேண்டில், 4 ஜிகாஹெர்ட்ஸில், அலைநீளம் 7.5 சென்டிமீட்டர். 2 மீட்டர் ஆன்டெனாவிலிருந்து புறப்படும் கற்றை 2.6 டிகிரி விரியும். பூமியைத் தொடும்போது அதன் குறுக்களவு 1,600 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். கன்னியாகுமரி, ஹைதராபாத், கொழும்பு எல்லாம் ஒரே குடைக்குள். நம் கடைக்காரரின் 40, 50 கிலோமீட்டர் வட்டத்தை மட்டும் நனைக்கும் கற்றை வேண்டுமென்றால், 40 கிலோமீட்டருக்கு ஆன்டெனா 82 மீட்டர் விட்டம் இருக்க வேண்டும். அதை ராக்கெட்டில் ஏற்றி விண்ணில் விரிப்பதைவிட, கடைக்காரர் கோவை மாவட்டம் முழுவதற்கும் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்துவிடலாம். செயற்கைக்கோள் தூரத்தை அழிக்கும் கருவி. அழிக்கும்போது ஊர்களையும் சேர்த்தே அழிக்கிறது.

இதனால் வந்த தட்டுப்பாடு எளிய பெருக்கல் கணக்கு. கேபிள் விதிகள் மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்கின்றன (எல்லோரும் அதை எப்படிக் கடைப்பிடித்தார்கள் என்பது வேறு கதை). அதாவது மணிக்கு 24 அரை நிமிடங்கள். சேரும் இடம் ஒன்றே ஒன்று என்றால், மாநிலம் முழுவதற்கும் அந்த மணி நேரத்தில் 24 விளம்பரம்தான். இன்றைய 38 மாவட்டங்களிலும் ஆளுக்கொரு சேரும் இடம் இருந்தால் அதே அலைவரிசையில், அதே ஒரு மணி நேரத்தில் 912. ஒன்றே இருந்ததால் விலை ஏறியது; மாநிலம் முழுக்கச் சரக்கு விற்பவர் மட்டுமே அந்த விலையைக் கொடுக்க முடிந்தது. கொங்கு மண்ணிலிருந்து சின்னத்திரையில் நிலைத்த பெயர்களைப் பாருங்கள்: ஈரோட்டின் சக்தி மசாலா, திருப்பூரின் ராம்ராஜ் காட்டன். ஒன்று மளிகைக்கடை தோறும் தொங்கும் பாக்கெட், இன்னொன்று ஊர்தோறும் விற்கும் வேட்டி. கோவையின் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் தொழில்களுக்கும் காரமடைக் கறிவேப்பிலை வியாபாரத்துக்கும் அந்தத் திரையில் இடமில்லை. அவர்களிடம் சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. ஊர் பார்த்துச் சொல்லும் வசதிதான் அங்கே இல்லை.

மொழியை வைத்து இன்னொரு மறுப்பு வரலாம். வட்டார விளம்பரம் என்றால் தமிழில் விளம்பரம்தானே, அது கிடைத்துவிட்டதே? பம்பாயில் எடுத்த படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுத்து அனுப்பிய விளம்பரத்தின் உதட்டசைவு வேறாக இருந்தாலும், அது தமிழ் வீட்டுக்குப் புரிந்தது உண்மை. ஆனால் மொழியின் எல்லையும் சந்தையின் எல்லையும் ஒன்றல்ல. ஒரே மொழி பேசும் இங்கிலாந்தில் 1955 செப்டம்பர் 22இல் ஐடிவி விளம்பரத்தோடு தொடங்கியபோது, லண்டன், நடுநாடு, வடக்கு என்று வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். முதல் விளம்பரம் கிப்ஸ் எஸ்.ஆர். பற்பசை. நாடு முழுக்க ஒரே நிகழ்ச்சி ஓடினாலும் இடைவேளையில் அந்தந்த வட்டார நிறுவனம் தன் விளம்பரத்தைச் சேர்க்கும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் படச்சுருள் தனியாக அனுப்ப வேண்டும்; செலவு அதிகம். அந்தச் செலவை ஏற்றுக்கொண்டதால்தான் வட்டாரக் கடைக்காரர்களுக்கும் அங்கே திரை கிடைத்தது.

இங்கே அதை யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை, கேபிள்காரர் கொடுத்தார். செயற்கைக்கோளிலிருந்து வருவதை வீட்டுக்கு வீடு நேராகப் பிடிக்காமல், தெருக்கோடியில் ஓர் அறையில் பிடித்துக் கம்பி வழியே பிரித்துக் கொடுத்ததுதான் காரணம். கண்ட்ரோல் ரூம் என்று அழைக்கப்பட்ட அந்த அறையின் மாடியில் இரண்டு மூன்று பெரிய டிஷ். உள்ளே ரேக்கில் அடுக்கிய ரிசீவர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாடுலேட்டர். எல்லாவற்றையும் ஒரே கம்பியில் சேர்க்க ஒரு கம்பைனர். அந்த ரேக்கில் ஒரு மாடுலேட்டரின் முன்னால் ரிசீவருக்குப் பதிலாக ஒரு வி.சி.ஆரை வைத்துவிட்டால் ஊருக்கென்று ஓர் அலைவரிசை தயார். காலையில் பக்திப் பாட்டு, மதியம் ஒரு படம், நடுநடுவே நகைக்கடை, உரக்கடை, நர்சரிப் பள்ளி. கம்பியின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் வட்டாரம். 82 மீட்டர் ஆன்டெனா செய்ய வேண்டிய வேலையைச் சில கிலோமீட்டர் கம்பி செய்துவிட்டது. சேலத்தில் கேபிளில் தொடங்கிய பாலிமர் பிற்பாடு செயற்கைக்கோள் அலைவரிசையாக வளர்ந்ததற்குப் பின்னாலும் இப்படி ஓர் அறைதான் இருந்தது.

சின்னக் கடைக்கு விளம்பரப் படம் எடுக்கவே பணம் இருந்திருக்காது, பிறகு எங்கே சேர்த்தால் என்ன என்றும் கேட்கலாம். கண்ட்ரோல் ரூம் இதற்கு நடைமுறையில் பதில் சொன்னது. திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோலிங்குக்குப் படமே வேண்டாம். ஒரு கம்ப்யூட்டரும் தமிழ் எழுத்துருவும் இருந்தால் போதும். “ஆடித் தள்ளுபடி, பஸ் ஸ்டாண்டு எதிரில்” என்று ஒரு வரி. சினிமாக் கொட்டகையில் இடைவேளைக்குக் காட்டிய கண்ணாடி ஸ்லைடுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சேரும் இடம் பக்கத்தில் வந்ததும், அந்த இடத்துக்குத் தக்கபடி விளம்பரமே எளிய வடிவம் எடுத்துக்கொண்டது. படம் எடுக்கும் செலவு என்பது தொலைவில் சேர்த்த காலத்தின் நிபந்தனை. அதை நிரந்தரத் தடையாகக் கொள்ள வேண்டியதில்லை.

இந்த வாதத்தை நான் ஓர் இடத்தில் தளர்த்தித்தான் ஆக வேண்டும். சேரும் இடம் என்பது கருவி மட்டுமல்ல, அனுமதியும்கூட. அமெரிக்கக் கேபிளில் தேசிய அலைவரிசைகள் ஒவ்வொரு மணியிலும் ஏறத்தாழ இரண்டு நிமிடத்தை உள்ளூர் கேபிள் நிறுவனத்துக்கே விட்டுக்கொடுக்கும். டேப் காலத்தில் அந்த நேரம் வரும்போது தொலைபேசி பட்டன் ஒலி போன்ற ஒரு குறியொலி வரும், உள்ளூர் எந்திரம் அதைக் கேட்டுத் தன் டேப்பை ஓட்டும். நம் ஊர் கண்ட்ரோல் ரூமிலும் அதைச் செய்யத் தொழில்நுட்பம் தடையில்லை. ஒப்பந்தம் இடம் தரவில்லை. அதனால் கேபிள்காரர் தன் சொந்த அலைவரிசையில் விற்றார், அல்லது பெரிய அலைவரிசையின் மேல் ஸ்க்ரோலிங்கை ஒட்டி அலைவரிசைக்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்தார்.

எது அனுப்புவது, எது சேர்ப்பது என்று தெளிவாகப் பிரித்துக் காட்டுவது, விநோதமாக, சினிமாக் கொட்டகை. 2000களில் யு.எஃப்.ஓ. மூவிஸ், சென்னையின் க்யூப் போன்ற நிறுவனங்கள் படச்சுருளுக்குப் பதில் டிஜிட்டல் ஃபைலைக் கொட்டகைகளுக்கு அனுப்பத் தொடங்கின. யு.எஃப்.ஓ. இதற்குப் பயன்படுத்தியதும் செயற்கைக்கோளைத்தான். அதே 36,000 கிலோமீட்டர், அதே அகன்ற கற்றை. ஆனால் வந்த ஃபைல் கொட்டகையில் இருக்கும் சர்வரில் தங்குகிறது; எந்தக் காட்சிக்கு எந்த விளம்பரம் என்ற பட்டியலும் கொட்டகைக்குக் கொட்டகை தனி. எனவே ஒரு கடைக்காரர் ஊரில் ஒரே ஒரு திரையை மட்டும் வாங்க முடிகிறது. தொலைக்காட்சியில் ஊரை அழித்த கற்றை இங்கே அழிக்கவில்லை. வித்தியாசம் கற்றையில் இல்லை, கொட்டகையில் இருக்கும் பெட்டியில் இருக்கிறது.

வீடுகளுக்கு வந்த பெட்டி எதிர்த்திசையில் வேலை செய்தது. அரசு கேபிள் நிறுவனத்துக்கு 2017இல் டிஜிட்டல் உரிமம் கிடைத்து, செட்டாப் பாக்ஸ் பரவியதும், படத்தைச் சுருக்கிக் குறியாக்கிப் பூட்டும் வேலை பெரிய தலைமை நிலையத்துக்குப் போனது. அந்தப் பூட்டைத் திறக்காமல் தெருக்கோடி அறையில் வி.சி.ஆரை நுழைக்க வழியில்லை. உள்ளூர் அலைவரிசை தன் படத்தை ஃபைபரில் மேலே அனுப்பி, மற்றவற்றோடு சேர்ந்து கீழே வர வேண்டும். படத் தரம் கூடியது, சேரும் இடம் தள்ளிப்போனது.

எங்கும் சேர்க்கலாம் என்றால் பெரிய விளம்பரதாரர்களும் அதையே விரும்பியிருக்க வேண்டுமே, வீணாகிறது என்று தெரிந்தும் ஏன் ஒரே இடத்தில் சேர்ப்பதற்குப் பணம் கொட்டினார்கள்? இதுதான் மிகக் கடினமான மறுப்பு. விடை சான்றில் இருக்கிறது. ஓர் அலைவரிசை தன் மேசையிலிருந்து தரும் டெலிகாஸ்ட் சர்ட்டிபிகேட் ஒன்றைச் சரிபார்ப்பது எளிது. நூற்றுக்கணக்கான கண்ட்ரோல் ரூம்களில் விளம்பரம் நிஜமாகவே ஓடியதா, மின்வெட்டில் போனதா என்று யார் உட்கார்ந்து பார்ப்பது? சேரும் இடங்கள் பெருகப் பெருகச் சரிபார்க்கும் செலவும் பெருகுகிறது. காரமடைக் கடைக்காரருக்கு இந்தச் செலவு கிடையாது. அவர் வீட்டு டிவியே சாட்சி. 2008இல் பெங்களூருவில் தொடங்கிய அமாகி நிறுவனம் பிடித்த முடிச்சு இதுதான். தேசிய விளம்பரத்துக்குள் கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத ஒரு குறியைப் பதித்து அனுப்பினார்கள். கேபிள் நிலையத்தில் வைத்த கருவி அந்தக் குறியைக் கண்டதும், தன்னிடம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த வட்டார விளம்பரத்தை அந்த விநாடியில் மாற்றிப் போட்டது. மாற்றியதை அதே கருவி பதிவும் செய்துகொண்டால் சாட்சிக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

செல்போனில் இன்று விளம்பரம் சேரும் இடங்களின் எண்ணிக்கையும் பார்ப்பவர்களின் எண்ணிக்கையும் ஒன்றாகிவிட்டது. காரமடையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வரைபடத்தில் வட்டம் போட்டு விளம்பரம் வாங்கலாம். ஆனால் கடைக்காரரின் வீட்டுத் திரையில் தெரிவது அவருக்கென்று சேர்க்கப்பட்ட வேறொன்று. தன் விளம்பரம் வட்டத்துக்குள் ஓடியதா என்பதற்கு அவரிடம் இருப்பது, அதை விற்ற தளமே எழுதிக் கொடுக்கும் அறிக்கை மட்டும்.